பிரேக்கில் காற்று எடுத்த மத்தியானம்

எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்பியே வயிறு வளர்த்தவன் நான். சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் ராணுவ வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன், அது முடிந்து ஊர் திரும்பியதும் அரிசி மில்லில் இஞ்சின் டிரைவர் ஆனேன். இஞ்சின் இருமினால் டீசலில் தண்ணீர், சக்கரம் அழுதால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அவ்வளவுதான் என் வேதாந்தம். ஒரு தடவை புளியமரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடுகிறது என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டபோது, நான் ஏறிப்போய் காற்றில் பறந்து மாட்டிக்கொண்ட வேட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். நானும் என் சம்சாரம் வள்ளிக்கண்ணுவும் வல்லத்திராக்கோட்டையில் குடியிருந்தோம். மல்லிகா என்று ஒரு பெண் குழந்தை. மூன்று வயது முடிவதற்குள் காய்ச்சல் கண்டு, தொண்டை அடைத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டது. காலைப் பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது சாயங்காலம்தான், அதனால் மாட்டு வண்டி. வீட்டில் மட்டும் ஒரு வண்டி இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். துக்கம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வள்ளி அதற்கு ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

அந்த வெறியில்தான் ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சண்டை முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப். மில் முதலாளி யாரிடமிருந்தோ வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, இஞ்சின் இறுகி ஓடாமல் நின்றதும் உமிக் குவியலுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். பின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன், இடம் காலியாகட்டும் என்றார். இரண்டு மாடு பூட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

ஒரு வருஷம் அதோடு கிடந்தேன். மில் விட்டு வந்ததும் அதன் அடியில் நுழைவேன். வயர்களை எலி தின்றிருந்தது, தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்தது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து மரக்கட்டையால் தட்டித் தட்டியே ஒரு மாதம் போயிற்று. வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறும் சாமான்கள். வள்ளி அதையெல்லாம் தாண்டித் தாண்டிச் சமைத்தாள், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. இஞ்சின் ஓடிய அன்றைக்குத் தெருவே கூடி நின்று பார்த்தது. அவள் வெளியே வரவில்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். கை துடைக்கத் துணி இல்லை என்று பரணில் இருந்த பழைய சேலை ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்துவிட்டேன். அது மல்லிகாவுக்குத் தூளி கட்டிய சேலை. சத்தியமாக எனக்குத் தெரியாது. கியர் பெட்டியைத் துடைத்துக் கறுத்துப்போய்க் கிடந்த அந்தத் துண்டுகளை அவள்தான் பார்த்து எடுத்தாள். கத்தவில்லை, அழவில்லை. சோப்புப் போட்டுத் துவைத்தாள், சாம்பல் போட்டுத் துவைத்தாள், கறை போகவில்லை. ஈரத்தோடு நாலு துண்டையும் கொடியில் போட்டாள். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவள் அண்ணன் வீடு மீமிசலில், கடற்கரையை ஒட்டி. முப்பது மைலுக்கு மேல் இருக்கும்.

"எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"தெரியலங்க" என்றாள்.

எட்டு நாள் ஆயிற்று. கடிதம் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை. போய்க் கூட்டி வர எனக்குத் துணிச்சல் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிள்ளை போன புதிதில் அவள் ஒரு தடவை, "அண்ணன் வீட்டுக்குப் போனா கடலையே பாத்துக்கிட்டு இருக்கலாம், எறங்கிப் போயிட்டா கேக்க ஆளில்ல" என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு அந்த எட்டு நாளும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, மில் கிடையாது. வண்டியில் பிரேக் வேலை ஒன்றுதான் பாக்கி. உங்களுக்கு இந்த வேலை தெரியாது என்றால் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இது புரிந்தால்தான் மற்றது புரியும். பிரேக் குழாயில் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும், காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மூன்று நாலு தடவை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தருகே படுத்து, சின்னத் திருகை லேசாகத் திறந்து காற்றை வெளியேவிட்டு, பெடலில் இருக்கிறவர் காலை எடுப்பதற்குள் மூடிவிட வேண்டும். இப்படி நாலு சக்கரத்துக்கும். என்னிடம் இருந்த சாமான்களோடு ஒற்றை ஆளாக முடியவே முடியாது. அன்றைக்குக் காலை முழுக்க அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிப் பார்த்தேன், பெடலில் ஏறி மிதித்துவிட்டுக் கீழே பாய்வேன், அதற்குள் அது மேலே வந்திருக்கும்.

உச்சி வெயில் நேரம். வண்டியின் அச்சுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தேன், பின் சக்கரத்தை ஒட்டி அடியில் மல்லாந்து கிடக்கிறேன், இனி நாளைக்கு மில் ஆள் யாரையாவது கூட்டிவர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு. அப்போது வாசல் படல் திறக்கும் சத்தம் கேட்டது. மூங்கில் படல், தரையில் இழுத்துக்கொண்டுதான் திறக்கும். காலடிச் சத்தம். கண்ணாடி வளையல் சத்தம். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பஸ்ஸில் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.  வெளியே வந்து முகத்தைப் பார்த்திருக்கலாம், நியாயமாகப் பார்த்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை.

"வந்துட்டியா புள்ள?" என்றேன், அடியில் கிடந்தபடியே.

"ம்" என்றாள்.

"சாப்புட்டியா?"

 கோபம் இன்னும் தீரவில்லை போல என்று எண்ணிக்கொண்டு, சமாதானமாக ஏதாவது பேச வேண்டுமே, எனக்கு வேறு என்ன பேசத் தெரியும், "அந்த இடது பக்கச் சீட்டுல ஏறி ஒக்காரு, நடுப் பெடல மிதி" என்றேன். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம்.

சீட்டுக் கம்பி முனகியது. வண்டி அந்தப் பக்கம் லேசாக இறங்கியது, என் முகத்துக்கு மேலே இருந்த வில்லுப் பட்டை அசைந்ததைக் கண்ணால் பார்த்தேன். தரைத் தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பெடல் தண்டு ஒரு தடவை வந்து போயிற்று, இரண்டு தடவை, மூன்று தடவை, நாலாவது தடவை வந்து நின்றது.

"புடிச்சிருக்கேன்" என்றாள்.

திருகைத் திறந்தேன், குமிழ் குமிழாகக் காற்று வந்தது, மூடினேன். "விடு" என்றேன். விட்டாள். மறுபடி மிதித்தாள். வேலை அவ்வளவு ஒழுங்காக நடந்தது, மில்லில் பத்து வருஷம் பழகிய ஆளோடுகூட எனக்கு அப்படி அமைந்ததில்லை. ஆயில் ஊற்றுகிற இடமும் அந்த வண்டிக்கு அடியில்தான், அதனால் நான் வெளியே வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்கு அடியிலேயே நகர்ந்தேன்.

மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. முகம் தெரியாத இடத்தில் கிடந்ததாலோ என்னவோ.

"மல்லிகாவுக்கு முடியலன்னு சேதி எனக்கு மத்தியானம் வரல புள்ள" என்றேன். "காலையிலேயே வந்துருச்சு."

பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று அன்றைக்கு வள்ளி மில்லுக்குச் சொல்லியனுப்பியது தெருவில் போன யாரோ ஒரு வண்டிக்காரரிடம். அவர் மில் வாசலில் சேதியைச் சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டார், அவர் எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நான் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். திரும்பப் பூட்டுகிற வேலை கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். கை கழுவி ரோட்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, சேதி இப்போதுதான் கிடைத்தது என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் வண்டி இல்லை வண்டி இல்லை என்று ஊரெல்லாம் புலம்பினேன். அவளைக் கூட்டிவரப் போகத் துணிச்சல் இல்லாததும் அதனால்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல், இவ்வளவு காலம் நெஞ்சில் கிடந்ததையெல்லாம்.

 பெடல் தண்டு மட்டும் அழுத்திப் பிடித்தபடியே நின்றது. அது நடுங்கிக்கொண்டிருந்தது, கால் நடுங்கினால் தண்டு எப்படி நடுங்குமோ அப்படி. வெகு நேரம் கழித்து, "அடுத்த சக்கரத்துக்குப் போங்க" என்றாள்.

போனேன். அதையும் முடித்தேன். அழுதுகொண்டேதான் முடித்தேன். கடைசித் திருகை இறுக்கியதும் சீட்டுக் கம்பி மறுபடி முனகியது, வண்டி பழையபடி நிமிர்ந்தது. நான் தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றேன்.

யாரும் இல்லை.

வீட்டுக் கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. கிணற்றடியில் இல்லை, கொல்லையில் இல்லை. எதிர்வீட்டு அஞ்சலை அக்கா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார், எங்கள் வாசல் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும்.

"அக்கா, வள்ளி எங்கிட்டுப் போச்சு?" என்றேன்.

"வள்ளியா? அது எங்க வந்துச்சு தம்பி? பஸ்ஸே இன்னும் வரலையே" என்றார். அப்புறம் பரிதாபமாகப் பார்த்து, "நீதான் ரொம்ப நேரமா அடியில கெடந்து தனியாப் பேசிக்கிட்டு இருந்த. பாவமா இருந்துச்சுய்யா" என்றார்.

நான் ஜீப்பில் ஏறி நடுப் பெடலில் கால் வைத்தேன். கல்லு மாதிரி நின்றது.

பேய்க்குக் கால் கிடையாதே, அது எப்படிப் பிரேக் மிதிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பேயெல்லாம் அப்போது நினைவுக்கே வரவில்லை. வந்த நினைவு ஒன்றே ஒன்றுதான், அவள் கடலில் இறங்கிவிட்டாள். போனவள் போகிற வழியில் ஒரு தடவை என்னிடம் வந்திருக்கிறாள். கட்டைகளை உருவித் தள்ளிவிட்டு, இருந்த பெட்ரோலை எல்லாம் ஊற்றி, சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்தேன். நம்பர் பிளேட் இல்லை, விளக்கு இல்லை, மேல் கூடு இல்லை. அந்த வண்டி எங்கள் தெருவைத் தாண்டியதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

அறந்தாங்கி வரை நான் பிரேக்கைத் தொடவில்லை. பயம். கியரைக் குறைத்துக் குறைத்தே ஓட்டினேன். போகப் போகத்தான் இன்னொன்று உறைத்தது. மூன்று தடவை மிதித்து நாலாவதில் பிடித்துக்கொள், நான் சொன்னால் விடு என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. நடுப் பெடலை மிதி என்று மட்டும்தானே சொன்னேன். வள்ளி அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. அதை நினைத்ததும் பக்கத்துச் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அறந்தாங்கிக்கு அப்பால் வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தில் நெல் மூட்டை வண்டிகள் வரிசையாக நின்றன, காத்திருக்கப் பொறுமையில்லாமல் கரையிலிருந்து மணலிலேயே இறக்கினேன். சரிவில் பாதி வந்த பிறகுதான் பார்த்தேன், கீழே ஊற்றுத் தோண்டிக் குடத்தோடு இரண்டு பெண்கள் குனிந்திருந்தார்கள். கத்தினேன், அவர்கள் நிமிர்ந்து அப்படியே நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லை, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடித்தது, ஒரு பக்கம்கூட இழுக்கவில்லை. அந்தப் பெண்கள் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டு நாலு சக்கர கியர் போட்டு மணலில் ஏறி அக்கரை போனேன்.

மீமிசலில் மச்சான் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.  வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன், நடந்தேன் என்று சொல்வதுகூடப் பொய், சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கூட்டத்துக்கு நடுவே ஒரு மீன் கூடை. பெரிய திருக்கை ஒன்று வந்திருக்கிறது, பங்கு போடுகிறார்கள், வேறொன்றும் இல்லை. வள்ளி அரிவாள்மனையோடு அங்கே குந்தியிருந்தாள்.

"என்னங்க இது, சட்டையில்லாம?" என்று எழுந்தாள்.

நான் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. மீன் செதில் ஒட்டியிருந்தது. அவள் கையை உருவிக்கொண்டு, "ஆயிலுக் கையோட புடிக்கிறீங்களே" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு மத்தியானம் வள்ளி எங்கே இருந்தாள் என்று அவள் அண்ணியிடம் தனியாகக் கேட்டேன்.

"காலையிலேர்ந்து எங்கூடத்தான் கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருக்கு. ஏன் தம்பி, என்ன ஆச்சு?" என்றார்.

ஒன்றும் இல்லை, வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தேன் என்றேன். மச்சான் ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் காலை நான் எதுவும் கேட்காமலே வள்ளி பையை எடுத்துவந்து ஜீப்பில் வைத்து, "வாரேன், போவோம்" என்றாள். வழி முழுக்க நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முதல் தடவை கேட்டது யார் என்பதும் தெரியவில்லை.

அந்த ஜீப் பதினாலு வருஷம் எங்களிடம் இருந்தது. பாம்பு கடித்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்காரிகள் என்று எத்தனையோ பேரைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்புறம் எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வருஷம் ஒரு தடவை பிரேக்கில் காற்று எடுக்க வேண்டிவரும், மில்லிலிருந்து ஆள் கூட்டிவருவேன், அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பேர் சொல்லிக் குரல் கொடுத்த பிறகுதான் அடியில் போவேன். வள்ளியை அந்தப் பெடல் பக்கமே விட்டதில்லை.

வண்டியை விற்று வெகுகாலம் கழித்து, எனக்கு வயது அறுபது தாண்டிய பிறகு, ஒரு நாள் சாயங்காலம் வள்ளி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது.

"ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும் புள்ள. அன்னைக்கு மில்லுக்குச் சேதி..." என்று ஆரம்பித்தேன்.

"காலையிலேயே வந்துருச்சு" என்றாள், முறத்திலிருந்து கண் எடுக்காமல். "நாலு நட்டுதான் பாக்கி, இறுக்கிட்டுப் போயிரலாம்னு நெனச்சீங்க."

 சேதி வந்ததை அந்த வண்டிக்காரர் என்றைக்காவது எங்காவது வைத்து அவளிடம் சொல்லியிருக்கலாம். நாலு நட்டு என்பது நான் மனதுக்குள் நினைத்தது. அதை வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு இடத்தில்தான், அந்த ஜீப்புக்கு அடியில்.

"இத ஒனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லுவா, நீங்கதான் சொன்னீங்க" என்றாள். "மொகத்தப் பாத்துச் சொல்லல, அம்புட்டுதான்." சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

எங்கே வைத்துச் சொன்னேன் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவள் பதினோரு வருஷம் இருந்தாள், ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவள் காரியம் முடிந்த அன்றைக்கு, அவள் அண்ணிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது, அவரிடம் அந்த மத்தியானத்தைப் பற்றி இன்னொரு தடவை கேட்டேன். அதே பதிலைத்தான் சொன்னார், காலையிலிருந்து எங்கூடத்தான் இருந்தது என்று. ஒன்றே ஒன்று மட்டும் கூடச் சொன்னார்.

"நீங்க வந்து எறங்குன அன்னைக்கு, உச்சி வெயில் நேரத்துல, வலது காலு நடுங்குதுன்னு என்னைப் புடிச்சு அமுக்கிவிடச் சொல்லுச்சு தம்பி."